தூக்க வந்தவர்கள்

உண்ணாமலை அம்மாவிடம் யாராவது கேள்வி கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். "வாங்க, கொஞ்சம் நடக்கலாம்" என்பார். அந்த நடை பக்கத்துத் தோப்போடு முடியலாம், இரண்டு மலை தாண்டியும் போகலாம். அது கேள்வியைப் பொறுத்தது.

மடம் தருமபுரிக்கு மேற்கே, தொட்டிமலை அடிவாரத்தில் இருந்தது. மடம் என்றால் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, நாலு வேப்பமரம், அவ்வளவுதான். அங்கே குருவாக இருந்த பெரிய சாமி உயிரோடு இருந்தவரை அவருக்குச் சமைத்துப் போட்டு, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஓர் ஓரமாய் இருந்தவர் உண்ணாமலை அம்மா. சாமி போன பிறகு, தேடி வந்தவர்கள் இவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்புவதாக இல்லை. அம்மாவுக்கு வயது நாற்பத்தைந்துதான்.

பச்சையப்பனுக்கு அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ராஜம்மாள் இறந்த ஒரு வருஷத்தில் வீட்டைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் இறைப்பார், வாசல் பெருக்குவார், வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. தன் மகள் வயதுக்காரரை அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். அவர் இவரை 'ஐயா' என்றார்.

மாசி மாதம் ஒரு காலையில், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார் பச்சையப்பன்.

"அம்மா, ஒரு தப்புக்கு மன்னிப்பு கேக்கணும்."

"கேளுங்க."

"உங்ககிட்ட இல்லை. யார்கிட்ட கேக்கணுமோ, அவங்க உயிரோட இல்லை. அப்ப யார்கிட்ட கேக்கறது?"

அம்மா எழுந்துபோய்ப் பாட்டிலை நிரப்பினார்.

"வாங்க, நடக்கலாம்."

தொட்டிமலை ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மேலே பெரிய சமதளம். அங்கே கல்வீடுகள் இருந்தன. நாலு பக்கமும் பாறைப் பலகைகளை நட்டு, மேலே ஒரே ஒரு பெரிய பலகையைப் படுக்க வைத்தவை. முப்பதுக்கு மேல் இருக்கும். சில நின்றன, சில சரிந்து கிடந்தன. கிழக்குப் பார்த்த பலகையில் ஒரு தலை நுழையும் அளவுக்கு வட்டமாய் ஒரு துளை.

பாண்டவர் வீடு என்று ஊரில் சொல்வார்கள். பாண்டவர் யாரும் அங்கே குடியிருந்ததில்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன், தங்களில் செத்தவர்களுக்காக யாரோ கட்டி வைத்தவை. கட்டியவர்கள் பெயரும் தெரியாது, உள்ளே இருந்தவர்கள் பெயரும் தெரியாது.

பச்சையப்பன் ஒரு கல்வீட்டை மூன்று முறை சுற்றிவந்தார். பழக்கம் விடவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்து மேல்பலகையை அளந்தார். அம்மா நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வருதுங்க ஐயா?"

"பதினோரு அடி நீளம். எட்டு அடி அகலம். ஒரு அடி கனம்."

"எடை?"

பச்சையப்பன் வாய்க்குள் பெருக்கினார்.

"ஆறரை டன் இருக்கும்மா."

"எத்தனை பேர் தூக்கணும்?"

"இதைத் தூக்கவா முடியும்? உருட்டுக்கட்டை போட்டு, கயிறு கட்டி இழுத்தாலும் நூறு பேர் வேணும். இந்த மேட்டுல ஏத்தறதுன்னா இன்னும் கூட."

"ஒரு வீட்டுல நூறு பேர் இருப்பாங்களா?"

"எந்த வீட்டுல இருப்பாங்க? ஊரே வந்திருக்கணும். ஒரு ஊர் பத்தாது, அக்கம்பக்கத்து ஊரும் வந்திருக்கணும். யாரோ ராசா செத்திருப்பான்."

"உள்ள பாருங்க."

பச்சையப்பன் மண்டியிட்டுத் துளை வழியாக எட்டிப் பார்த்தார். சருகு கிடந்தது. ஓர் ஓணான் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லைம்மா."

"பெரிய சாமி இருக்கும்போது படிச்சவங்க வந்து தோண்டினாங்க. நான்தான் அவங்களுக்குச் சோறு எடுத்துக்கிட்டு வந்தேன். ரெண்டு மண்சட்டி இருந்துச்சு. நாலைஞ்சு பல்லு இருந்துச்சு."

"பல்லா?"

"பால் பல்லு."

பச்சையப்பன் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் காதில் ஒரு குரல் கேட்டது. பதினேழு வருஷத்துக்கு முன் டீக்கடை பெஞ்சில், அவர் வந்து நின்றது தெரியாமல் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது. 'தூக்க ஆள் பத்தலையாம்.'

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அவராகவே வந்து கேட்டார்.

"அந்த மாதிரி இன்னும் இருக்காம்மா?"

"வடக்கால இருக்கு. அது வேற மாதிரி."

வடக்கே மேய்ச்சல் காடு. அங்கே கற்குவைகள் இருந்தன. குழிக்குள் ஆளை வைத்து மூடி, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக நட்டிருந்தார்கள். மழை பெய்து பெய்து குவியல்கள் தாழ்ந்து போயிருந்தன. வட்டங்கள் மட்டும் அப்படியே இருந்தன.

ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண் எதிரே வந்தாள். நடுத்தர வயது. குவியல் பக்கத்தில் வந்ததும் ஆவாரஞ்செடியில் ஒரு கொத்தை ஒடித்து, அதன்மேல் போட்டுவிட்டு நடந்தாள். அங்கே ஏற்கெனவே காய்ந்த கொத்துகள் கிடந்தன.

பச்சையப்பன் கூப்பிட்டார்.

"ஏம்மா, அது யாரு?"

"யாருக்குத் தெரியும்?"

"அப்புறம் எதுக்குத் தழை போடறே?"

"இந்தப் பக்கம் போனா போடுவோம். எங்கம்மா போட்டுச்சு, நான் போடறேன்."

"உங்க வகையறாவா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வகையறா பாத்தா போடறது? பாவம், தனியாக் கெடக்கறாங்க."

ஆடுகள் முன்னால் போய்விட்டன. அவள் 'ஹேய்... ஹேய்...' என்று அதட்டிக்கொண்டு அவற்றின் பின்னால் ஓடினாள்.

பச்சையப்பனும் ஆவாரஞ்செடியிடம் போனார். ஒரு கொத்தைப் பிடித்தார். ஒடிக்க முடியவில்லை. செடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் தோள் குலுங்குவதை அம்மா பார்த்தார். கிட்டே போகாமல் ஓரமாய் உட்கார்ந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்துப் பச்சையப்பன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தாம்மா."

"பேரு?"

"சுகுணா."

அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது. அவருக்கே அது வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது.

ஒரே மகள். நர்ஸ் படிப்பு முடித்தவள். போர்வெல் லாரியில் வேலை பார்த்த மாதேஷ் என்பவனை விரும்பினாள். அவன் வேறு சாதி. பச்சையப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். சேதி வந்த அன்றைக்கு அவர் கிணற்றடியில் நின்று, ஊர் பார்க்க, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். மகளைத் தலைமுழுகியாயிற்று.

மூன்றாவது வருஷம் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"அப்பாவைப் பாக்கணும்னு சொல்றாளாம்னு ராஜம்மா கால்ல விழுந்தா. அப்படி ஒருத்தி எனக்கு இல்லைன்னு சொன்னேன். அஞ்சாம் நாள் அந்தப் பையன் வந்தான். வீட்டுக்குள்ள வரலை. நல்ல வெயில். தெருவுல நின்னு, 'சுகுணா போயிட்டா. சாயங்காலம் எடுக்கறோம். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க'ன்னான். நான் கதவைச் சாத்தினேன்."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அதோட விட்டிருக்கலாம். பங்காளி வீடு ஒண்ணு விடாமப் போனேன். எவனாவது அந்தச் சாவுக்குப் போனா என் வாசல் மிதிக்கக் கூடாதுன்னேன். முப்பத்தாறு தலைக்கட்டு. ஒருத்தன் போகலை. ராஜம்மா கொல்லைப் பக்கமா போகப் பாத்தா. தாழ்ப்பாளைப் போட்டு, கதவுல முதுகைக் குடுத்து உக்காந்துட்டேன். விளக்கு வைக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

"அவங்க அழுதாங்களா?"

"அழலை. அதுக்கப்புறம் பதினாலு வருஷம் எனக்குச் சோறு போட்டா. ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசலை."

அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"படுத்த படுக்கையானதும் ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'எங்க பொதைச்சாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்றீங்களா?' சரின்னேன். ரெண்டு பஸ் மாறினா போயிடலாம். இன்னிக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு இருந்தேன். ஒன்பது நாள் இருந்தாம்மா. ஒன்பது நாளும் நான் வெளிய போயிட்டு வீட்டுக்குள்ள வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பாப்பா."

"போகலையா?"

"போகலை."

காற்று வந்தது. குவியல்மேல் கிடந்த தழை கொஞ்சம் நகர்ந்தது.

"இப்பவாவது தெரியுமா, எங்கேன்னு?"

"தெரியாதும்மா."

அம்மா பாட்டிலை நீட்டினார். அவர் குடித்தார். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

பங்குனி பிறந்து இரண்டாவது வாரம், அம்மா காலையிலேயே பாட்டிலை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

"ஐயா, கிழக்கால ஒரு கல்வட்டம் இருக்குது. பாக்கலாமா?"

கிழக்கே போகும் பாதை சோளக்காடுகளுக்கு நடுவே போயிற்று. இரண்டு மணி நேரம் நடந்தபின் தார்ச்சாலை வந்தது. சாலையோரக் கல்லில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. புளியம்பாறை.

பச்சையப்பன் நின்றுவிட்டார்.

"அம்மா, இது அவங்க ஊரு."

"ஆமா. விசாரிச்சுத்தான் வந்தேன்."

"கல்வட்டம்னு சொன்னீங்க."

"அதுவும் இருக்குது. ஊர் தாண்டி."

"நான் வரலைம்மா. என்னால முடியாது."

"சரிங்க ஐயா."

உண்ணாமலை அம்மா உடனே திரும்பினார். வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்திருந்த பச்சையப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பச்சையப்பன் ஊர்ப்பக்கம் ஓர் அடி வைத்தார். நின்றார். பிறகு இன்னொன்று வைத்தார். முதல் வீடு வந்தபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தார்.

மாதேஷ் வீட்டை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். வாசலிலேயே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. நாற்பத்தெட்டு வயது இருக்கும், முன்தலை நரைத்திருந்தது. செம்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கை நின்றது.

"வாங்க" என்றார்.

உள்ளிருந்து ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மாதேஷ் மறுபடி கட்டிக்கொண்டவள், பெயர் வசந்தா. பச்சையப்பன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்காவோட அப்பாவா?"

மாதேஷ் தலையசைத்தார்.

அக்கா என்ற அந்த ஒரு சொல்லைப் பச்சையப்பனால் தாங்க முடியவில்லை. சொம்பை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். சுவரில் சுகுணாவின் படம் இருந்தது. நர்ஸ் உடுப்பில் எடுத்தது. அன்றைக்கு வைத்த பூ படத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உட்காருங்கள் என்று வசந்தா இரண்டு தடவை சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"எங்க... எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மாதேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சுடுகாடு ஓடைக்கரையில் இருந்தது. எரிப்பது ஒரு பக்கம், புதைப்பது ஒரு பக்கம். புதைக்கும் பக்கம் முழுக்க சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. புதியவை மட்டும் மேடாய்த் தெரிந்தன. பழையவை முள்ளுக்குள் போய்விட்டன. நாய் தோண்டாமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் கல்லைக் குவித்து வைப்பது அந்த ஊர் வழக்கம். முள்ளுக்கு நடுவில் அங்கங்கே அந்தக் கற்கள் தெரிந்தன.

மாதேஷ் ஒரு புளியமரத்தடியில் நின்று கையை நீட்டினார்.

"இந்தச் சுத்துலதான்."

"இந்தச் சுத்துன்னா?"

"முதல்ல ரெண்டு வருஷம் தெவசத்துக்கு வந்து தேங்கா உடைப்பேன். அப்புறம் வண்டியோட வடக்க போயிட்டேன். ஒரிசா, சத்தீஸ்கர்னு ஏழு வருஷம். திரும்பி வந்தப்ப முள்ளு மூடிடுச்சு. அடையாளத்துக்கு வெச்ச கல்லையும் காணோம். எனக்கே சரியாச் சொல்ல முடியலைங்க."

பச்சையப்பன் முள்காட்டையே பார்த்தார். அவர் வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய நிலத்தைக் காட்டிக் கொடுத்திருக்கிறார். காணாமல் போன எல்லைக்கல்லைக் கண்டுபிடிப்பதில் அவரைப் போல ஆள் இல்லை என்று தாலுகா ஆபீஸில் பேர் எடுத்தவர்.

"எத்தனை பேர் வந்திருந்தாங்க?" என்றார்.

மாதேஷ் கொஞ்சம் யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"எங்க பக்கத்துலயும் கோவம்தாங்க. அவ வந்ததால போலீஸ் வரும், தகராறு வரும்னு பயந்தாங்க. நாலு பேர்தான் தூக்கினோம், என்னையும் சேத்து. வீட்டுலருந்து இங்க ஒன்றரை மைல். தோள் மாத்த ஆள் இல்லை. பாலத்துக்கிட்ட எனக்கு முட்டி மடங்கிடுச்சு. டிராக்டர்ல போயிட்டிருந்த ஒருத்தர் வண்டியை நிறுத்திட்டு ஓடி வந்து தோள் குடுத்தார். குழி மூடற வரைக்கும் இருந்தார். யாரு, எந்த ஊருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

பச்சையப்பன் குனிந்தார். மாதேஷின் காலைத் தொடப் போகிறார் என்று தெரிந்து, மாதேஷ் இரண்டடி பின்னால் போனார்.

"வேண்டாங்க."

"என்னை மன்னிச்சுடுப்பா."

"எனக்குக் கோவம் போய் ரொம்ப நாளாச்சு. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா மன்னிக்கறதுக்கு நான் யாருங்க? ஆஸ்பத்திரியில அஞ்சு நாளும் வாசலைப் பாத்துக்கிட்டுக் கெடந்தது அவ."

அவர் குரலில் சூடு இல்லை. அதுதான் பச்சையப்பனுக்கு வலித்தது.

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு மாதேஷ் போய்விட்டார்.

அன்று மாலை மடத்துக்குத் திரும்பியதும் பச்சையப்பன் ஓர் அரிவாளைத் தீட்டினார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே புளியம்பாறை போனார். அதற்கு மறுநாளும் போனார். தூக்கிய நாலு பேரில் மாதேஷைத் தவிர இருவர் உயிரோடு இருந்தார்கள். இருவரையும் தேடிப் போய்க் கேட்டார். ஒருவர் புளியமரத்திலிருந்து வடக்கே பன்னிரண்டு எட்டு என்றார். இன்னொருவர் ஓடைக்கரைக்கும் மரத்துக்கும் நட்டநடுவில் என்றார். மாதேஷ் ஞாபகத்தில் இருந்தது ஒரு பாறை மட்டும். மூன்றையும் வைத்து, டேப்பைப் பிடித்து, காகிதத்தில் கோடு போட்டார். இருபது அடிக்குப் பதினைந்து அடியில் ஒரு துண்டு கிடைத்தது.

அந்தத் துண்டில் முள் வெட்டினார். வயதான உடம்பு, ஒரு நாளைக்கு நாலைந்து தூர்தான் முடிந்தது. கையெல்லாம் கீறல். ஊர்க்காரர்கள் ஓடைக்கு வரும்போது நின்று பார்த்தார்கள். யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் மட்டும் கிட்டே வந்து, "அன்னிக்கு வந்திருந்தா இவ்வளவு வேலை இருந்திருக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார். பச்சையப்பன், "ஆமாங்க" என்றார்.

சில நாள் மத்தியானம் வசந்தா தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

சித்திரை போய், வைகாசி போயிற்று. துண்டு முழுக்க வெளிச்சமாயிற்று. முள்ளுக்கு அடியில் ஐந்து கற்குவைகள் இருந்தன. ஐந்தும் ஒரே நீளம், ஒரே உயரம். எதிலும் ஓர் அடையாளமும் இல்லை. யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இது எங்க மாமியாரா இருக்கும் என்று ஒருத்தி ஒன்றைக் காட்டினாள். அடுத்த நாள் வந்து, இல்லை, அதோ அது என்றாள்.

பச்சையப்பன் தருமபுரி போய் ஒரு கல் சொல்லிவிட்டு வந்தார். இரண்டடி உயரக் கருங்கல். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் இறக்கினார். வசந்தா குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'பச்சையப்பன் மகள் சுகுணா.'

"அவர் பேரு இல்லையே" என்றாள்.

பச்சையப்பன் அந்தக் கல்லை அப்படியே திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து அது திரும்பி வந்தது. மேலே ஒரு வரி கூடியிருந்தது. 'மாதேஷ் மனைவி.' மாதேஷ் கடையிலிருந்து வந்து பார்த்தார். எழுத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"வைக்கறது நல்லதுதாங்க" என்றார். "தப்பான எடத்துல வெச்சுட்டா?"

கல் புளியமரத்தில் சாய்ந்தபடியே இருந்தது. தினமும் பச்சையப்பன் வந்தார். ஐந்து குவைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். மண்டியிட்டு வணங்கி, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வேண்டும். எதன் முன்னால் மண்டியிடுவது? ஒன்றின் முன் மண்டியிட்டால் அடுத்தது அவளாக இருக்குமோ என்று எழுந்துவிடுவார். அடுத்ததற்குப் போனால் இதுதானோ என்று இருக்கும். அப்பா இத்தனை கிட்டே வந்தும் வேறு யாரையோ பார்த்துவிட்டுப் போகிறார் என்று நினைப்பாளோ?

ஆடி பிறந்தது. காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் உண்ணாமலை அம்மா நடந்தே வந்தார். வெட்டிக் குவித்திருந்த முள்ளைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பச்சையப்பனின் கைகளைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?"

"அஞ்சு வரைக்கும் கொண்டுவந்துட்டேம்மா" என்றார் பச்சையப்பன். "அதுக்கு மேல முடியலை. கேக்காத ஆள் இல்லை, அளக்காத அளவு இல்லை. இதுல ஒண்ணு அவதான். மத்த நாலும் யாரோ எவரோ."

அம்மா தலையசைத்தார்.

"கல்லு நிக்குது. வந்து இத்தனை நாள் ஆச்சு. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை இன்னும் என் வாயில வரலை. யாரைப் பாத்துக் கேக்கறதுன்னு தெரியலை. நீங்க சொல்லுங்கம்மா. நீங்க எதைச் சொன்னாலும் நான் அதையே நம்பிக்கறேன். இதுல எது என் பொண்ணு?"

அம்மா ஐந்து குவைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"எது இல்லைன்னு சொல்லுங்க ஐயா. அதை விட்டுடலாம்."

பச்சையப்பன் முதலாவதைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். ஐந்தாவது வரை போய்விட்டு, மறுபடி முதலாவதற்கு வந்தார். எதையும் விட அவரால் முடியவில்லை. ஐந்துக்கும் நடுவில் அப்படியே மண்டியிட்டார்.